எசேக்கியாவுக்கு வந்த இரண்டு கடிதங்கள்: புதிய விசுவாசிகளுக்கு எட்டு வார வழிகாட்டி

எசேக்கியா ராஜாவுக்கு அந்நிய தேசத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அசீரியாவிலிருந்து வந்த மிரட்டல். அதை அவன் ஆலயத்துக்கு எடுத்துக்கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். மற்றொன்று பாபிலோனிலிருந்து வெகுமானத்தோடு வந்த நலம் விசாரிப்பு. அதை எங்கேயும் விரித்து வைத்ததாக வேதத்தில் ஒரு வரி கிடையாது. மிரட்டல் வந்தபோது நகரம் தப்பியது. நலம் விசாரிப்பு வந்தபோது பிள்ளைகளின் எதிர்காலம் கைவிட்டுப் போனது. எட்டு வாரமும் வாசிக்கும்போது இந்த இரண்டு கடிதங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானம் எடுத்து ஓரிரு வருடமே ஆனவர்களுக்கும், சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலோ வீட்டு ஜெபக்கூட்டம் ஆரம்பிக்கிறவர்களுக்கும் இது எழுதப்படுகிறது. தனியாகவும் வாசிக்கலாம். ஐந்தாறு பேராக உட்கார்ந்து வாசித்தால் இன்னும் நல்லது.

வாசிப்புக்கு முன்

எசேக்கியாவின் வாழ்க்கை வேதத்தில் மூன்று இடங்களில் இருக்கிறது: 2 இராஜாக்கள் 18 முதல் 20 வரை, 2 நாளாகமம் 29 முதல் 32 வரை, ஏசாயா 36 முதல் 39 வரை. மொத்தம் 11 அதிகாரம், 302 வசனம். ஒரே மூச்சில் படிக்க முயன்றால் ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வந்து சலிப்பு தட்டும். ஒன்றை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். இராஜாக்கள் புத்தகத்தில் எசேக்கியா ஆசரித்த பஸ்கா (எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகை) இல்லை. நாளாகமத்தில் அவன் அசீரியனுக்குக் கப்பம் கட்டிய தோல்வி இல்லை. வியாதிப்படுக்கையிலிருந்து எழுந்து எழுதிய பாட்டு ஏசாயா 38இல் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் எதிரெதிரான இரண்டு பக்கம். இடது பக்கம் வேதத்தில் உள்ளது, வலது பக்கம் வீட்டில் செய்யவேண்டியது. வலது பக்கத்தில் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு காரியம் போதும். ஐந்து எழுதினால் ஒன்றும் நடக்காது.

பழைய மொழிபெயர்ப்பின் சில சொற்கள் புதியவர்களைத் தடுக்கும். 'மேடைகள்' என்றால் மலைமேல் பலியிடும் இடங்கள். 'பிளவை' என்றால் ஆழமான கொப்புளக் கட்டி. 'தாலந்து' என்பது எடை அளவு, சுமார் 34 கிலோ. 'இரட்டு' என்பது துக்க நாளில் உடுத்தும் முரட்டுத் துணி. முதல் நாளிலேயே இவற்றைச் சொல்லிவிட்டால் வாசிக்கிறவர் திக்கமாட்டார்.

கூட்டமாக வாசிப்பவர்களுக்கு நேரம் முக்கியம். சித்திரை வைகாசியில் ஷீட் போட்ட வீட்டுக்குள் இரவு ஏழு மணி வரைக்கும் அனல் அடிக்கும். ஏழரைக்கு மொட்டை மாடியில் பாய் விரித்து உட்காருங்கள். வாசிப்பு 15 நிமிடம், பேச்சு 25 நிமிடம், ஜெபம் 15 நிமிடம், அதோடு முடியுங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் மறுநாள் விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடிக்கவேண்டும். இரண்டு மணி நேரம் இழுத்தால் மூன்றாம் வாரம் அவர்களைப் பார்க்க முடியாது.

முதல் வாரம்: கதவு

2 நாளாகமம் 28:22 முதல் 29:11 வரை வாசியுங்கள். ஆகாஸ் ராஜா ஆலயத்தின் கதவுகளைப் பூட்டிப்போட்டான். விளக்குகள் அணைந்தன, தூபம் நின்றது. அவன் மகன் எசேக்கியா 25 வயதில் பட்டத்துக்கு வந்தான். முதலாம் வருஷம் முதலாம் மாதத்திலேயே அந்தக் கதவுகளைத் திறந்து பழுதுபார்த்தான்.

'அப்பா சரியில்லை, நம் குடும்பம் அப்படித்தான்' என்று சொல்லிச் சொல்லியே பலர் வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள். எசேக்கியாவுக்கு வாய்த்த அப்பா ஆகாஸ், தன் பிள்ளைகளையே அக்கினியில் தகனித்தவன் (28:3). அந்த வீட்டிலிருந்துதான் இந்த மகன் வந்தான். இதைக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். குடிகாரத் தகப்பன் வீட்டிலிருந்து வந்த ஒருவராவது அங்கே உட்கார்ந்திருப்பார்.

செய்யவேண்டியது: நின்றுபோன ஒன்றைத் திரும்பத் திறப்பது. காலை வேதவாசிப்பாக இருக்கலாம், ஞாயிறு ஆராதனையாக இருக்கலாம், பேச்சு நின்றுபோன அண்ணன் வீட்டுக் கதவாகவும் இருக்கலாம். நாள் குறித்து எழுதுங்கள்.

இரண்டாம் வாரம்: பதினாறு நாள் சுத்தம்

29:12 முதல் 19 வரை மெதுவாக வாசியுங்கள். வேலை நடந்த முறை அதில் நாள் கணக்கோடு இருக்கிறது. முதல் மாதம் முதல் தேதி ஆரம்பித்தார்கள். எட்டாம் தேதி மண்டபத்துக்கு வந்தார்கள். அடுத்த எட்டு நாளில் ஆலயத்தைப் பரிசுத்தம்பண்ணி, 16ஆம் தேதி முடித்தார்கள். ஆசாரியர் உள்ளே போய், கண்ட அசுத்தத்தையெல்லாம் பிராகாரத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். ஆலய ஊழியத்தில் உதவும் லேவியர் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டுபோய்க் கீதரோன் ஆற்றில் போட்டார்கள். உள்ளே போனவர்கள் தங்களை முதலில் சுத்தம்பண்ணிக்கொண்டார்கள் என்பதையும் கவனியுங்கள் (15ஆம் வசனம்).

உங்கள் நோட்டிலும் 16 கோடு போடுங்கள். முதல் எட்டு நாள் வெளியில் தெரியாதவை: மறைத்து வைத்த கடன், போனில் இரவில் பார்ப்பவை, ஒரு பொய்க் கணக்கு, மன்னிக்காத ஒரு பெயர். அடுத்த எட்டு நாள் வெளியே தெரிபவை: பேச்சு, பழக்கம், செலவு. நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எங்கே போய்ச் சேரவேண்டும் என்று எழுதவேண்டும். திருப்பிக் கொடுக்கவேண்டியதா, மன்னிப்புக் கேட்கவேண்டியதா, அழிக்கவேண்டியதா? பிராகாரத்தில் குவித்ததோடு நின்றிருந்தால் ஆலயம் சுத்தமாகியிருக்காது. பலர் கூட்டத்தில் அழுது அறிக்கை செய்கிறார்கள், குப்பை முற்றத்திலேயே கிடக்கிறது. கீதரோன் வரைக்கும் கொண்டுபோய்ப் போட ஒருவர் கூட நடக்கவேண்டும். அதற்குத்தான் லேவியர். நம்பிக்கையான ஒரு மூத்த விசுவாசியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண்.

இந்த வாரத்தில் பெரிய தவறு ஒன்று நடப்பதுண்டு. எசேக்கியா விக்கிரகங்களை உடைத்தான் என்று வாசித்ததும், குடும்பத்தில் முதல் ஆளாக விசுவாசத்துக்கு வந்த வாலிபன் வீட்டுக்குப் போய் அம்மாவின் பூஜை அலமாரியில் கை வைத்துவிடுவான். அதைச் செய்யாதீர்கள். எசேக்கியா உடன்படிக்கை ஜனத்தின் ராஜா. கர்த்தருடைய ஆலயமும் தேசத்தின் நியாயப்பிரமாணமும் அவன் பொறுப்பில் இருந்தன. அம்மாவின் அலமாரி உங்கள் பொறுப்பில் இல்லை. உங்கள் பொறுப்பில் இருப்பது உங்கள் மேசை, உங்கள் போன், உங்கள் மனது. அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுங்கள், சம்பளத்தில் அவர் பங்கை முதல் தேதியே கையில் வையுங்கள். வேலூர்ப் பக்கத்து வீடுகளில் அம்மாக்கள் இதைத்தான் வருடக்கணக்காகக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் வாரம்: நிகுஸ்தான்

2 இராஜாக்கள் 18:1 முதல் 8 வரை. எண்ணாகமம் 21:4 முதல் 9 வரை சேர்த்து வாசியுங்கள். மோசே வனாந்தரத்தில் செய்த வெண்கலச் சர்ப்பம் கர்த்தர் சொல்லிச் செய்தது. அதைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூறு வருடம் கழித்து ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அதை உடைத்து, நிகுஸ்தான் என்று பேரிட்டான். வெறும் வெண்கலத் துண்டு என்கிற பொருள்பட வைத்த பெயர்.

நம் வீடுகளில் இது எங்கே இருக்கும்? வருடப்பிறப்பு நடுராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை பர்ஸில் இருக்கும். அந்த வசனம் எந்த அதிகாரத்தில் வருகிறது, யாருக்குச் சொல்லப்பட்டது என்று கேட்டால் தெரியாது. ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் பாட்டில், தலையணைக்குக் கீழே வேதம். அட்டையைக் கிழிக்கச் சொல்லவில்லை. அது இருக்கும் அதிகாரத்தை முழுதாக வாசித்து, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று நோட்டில் நாலு வரி எழுதுங்கள். தாயத்தைப் போல வைத்திருந்த அட்டை திரும்பவும் வசனமாகிவிடும்.

நான்காம் வாரம்: தேதி தவறின பஸ்கா

2 நாளாகமம் 30 முழுவதும். பஸ்கா முதல் மாதம் 14ஆம் தேதி. சுத்தப்படுத்தும் வேலை முடிந்தது 16ஆம் தேதி. இரண்டே நாளில் தவறிப்போனது. ஆசாரியர்களும் போதுமானபடி தங்களைப் பரிசுத்தம்பண்ணியிருக்கவில்லை, ஜனங்களும் எருசலேமில் கூடியிருக்கவில்லை. எசேக்கியா 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று விடவில்லை. தீட்டுப்பட்டவனுக்கும் பயணத்தில் இருப்பவனுக்கும் இரண்டாம் மாதம் 14ஆம் தேதி பஸ்கா உண்டு என்று எண்ணாகமம் 9:10, 11இல் இருக்கிறது. அந்த வழியைப் பிடித்தான்.

அஞ்சற்காரர் வடக்கே போய் அழைத்தபோது எப்பிராயீம், மனாசே, செபுலோன் ஊர்களில் சிரித்துப் பரிகாசம் பண்ணினார்கள். ஆனாலும் ஆசேரிலும் மனாசேயிலும் செபுலோனிலும் சிலர் தங்களைத் தாழ்த்தி வந்தார்கள். வந்தவர்களில் பலர் முறைப்படி சுத்தம்பண்ணிக்கொள்ளாமலே சாப்பிட்டுவிட்டார்கள். எசேக்கியா அவர்களைத் துரத்தவில்லை. அவர்களுக்காக ஜெபித்தான், கர்த்தர் கேட்டார்.

புதியவர்களுக்கு இதிலிருந்து இரண்டு காரியம். திருவிருந்து ஞாயிறு தவறிப்போனால், வெட்கப்பட்டு ஆறு மாதம் ஆலயம் பக்கம் போகாமல் இருக்காதீர்கள். அடுத்த மாதம் போங்கள். முறைமை தெரியாமல் எழுந்து நிற்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அதற்காகக் கூசவும் வேண்டாம். பழையவர்களுக்கும் ஒன்று: புதிதாக வந்தவருக்கு ஞானப்பாட்டுப் புத்தகத்தில் பாட்டு எண்ணை எடுத்துக் காட்டுங்கள். அவர் செருப்பை எங்கே விட்டார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஐந்தாம் வாரம்: குவியல்

31ஆம் அதிகாரம். ஜனங்கள் மூன்றாம் மாதம் கொண்டுவர ஆரம்பித்து ஏழாம் மாதம் வரை குவித்தார்கள். அந்த தேசத்தில் தானிய அறுவடை தொடங்கி பழ அறுவடை முடியும் காலம் அது. இங்கே அறுப்பின் பண்டிகையில் நெல்லும் தேங்காயும் முள்ளுக் கத்தரிக்காயும் கோழியும் ஆலயத்துக்கு வந்து ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குவியலை விளக்கவேண்டியதில்லை.

குவியலைப் பார்த்ததும் எசேக்கியா செய்ததுதான் நாம் படிக்கவேண்டியது. பண்டகசாலைகளை ஆயத்தம்பண்ணச் சொன்னான். கொனனியா தலைவன், அவன் சகோதரன் சிமேயி இரண்டாமவன், அவர்களுக்குக் கீழே பத்துப் பேர். உற்சாகக் காணிக்கைக்குக் கோரே என்கிற வாசல் காவலாளன், அவனுக்கு உதவியாக ஆறு பேர். எல்லாருடைய பெயரும் எழுதியிருக்கிறது. பெரியவனுக்கும் சிறியவனுக்கும் ஒரே விதமாகப் பங்கு போனது.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் மாதம் 500 ரூபாய்தான் காணிக்கை வருகிறது என்றாலும் இதே முறைதான். எண்ணுவதற்கு இரண்டு பேர், அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. எண்ணி முடித்ததும் நோட்டில் தேதி, தொகை, இருவர் கையெழுத்து. மாதக் கடைசியில் வரவும் செலவும் வாசிக்கவேண்டும். பணத்தை ஒருவருடைய சொந்த ஜிபே கணக்கில் போட்டு வைப்பதில்தான் பெரும்பாலான சண்டை ஆரம்பிக்கிறது. அவர் திருடவேண்டும் என்றில்லை. வீட்டு கேஸ் சிலிண்டருக்கு 'நாளைக்குப் போட்டுவிடலாம்' என்று எடுத்தாலே போதும்.

ஆறாம் வாரம்: தண்ணீரும் அத்திப்பழமும்

2 நாளாகமம் 32:1 முதல் 8, 32:30, 2 இராஜாக்கள் 20:1 முதல் 11. கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்கு மிகவும் தேவையான வாரம் இது.

அசீரியா வருகிறது என்று தெரிந்ததும் எசேக்கியா நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைத்தான், இடிந்த மதிலைக் கட்டினான், ஆயுதமும் கேடகமும் செய்தான். கீகோன் ஊற்றின் தண்ணீரைத் தாவீதின் நகரத்துக்கு மேற்கே திருப்பினான். எருசலேமில் பாறைக்குள் குடைந்த ஒரு கால்வாய் இன்றைக்கும் இருக்கிறது. எசேக்கியாவின் கால்வாய் என்றே அதைச் சொல்கிறார்கள். நீளம் சுமார் 533 மீட்டர், வாட்டம் மொத்தமே சுமார் ஒரு அடி. இரண்டு முனையிலிருந்தும் தோண்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்திருக்கிறார்கள். 1880இல் அதன் சுவரில் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. இன்னும் மூன்று முழம் இருக்கையில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் கேட்டது, பிறகு குத்துக்கோலுக்கு எதிர் குத்துக்கோல் வந்து மோதியது, தண்ணீர் 1,200 முழம் ஓடிக் குளத்தை அடைந்தது என்று அதில் வெட்டியிருக்கிறது. அந்தக் கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோன பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வாட்டம் ஒரு சாண் தப்பினால் தண்ணீர் நின்றுவிடும் என்பது நமக்குத் தெரியும். 533 மீட்டருக்கு ஒரு அடி வாட்டத்தில் பாறையைக் குடைந்தவன்தான், வேலைக்கு நடுவே ஜனங்களைக் கூட்டி, 'அவனோடிருக்கிறது மாம்ச புயம், நம்மோடிருக்கிறவர் நம்முடைய தேவனாகிய கர்த்தர்' என்று சொன்னான். வேலை செய்ததால் விசுவாசம் குறையவில்லை. விசுவாசம் இருந்ததால் வேலையும் நிற்கவில்லை.

அடுத்து, எசேக்கியாவுக்கு வந்த பிளவை. சாகப்போகிறாய் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்லிவிட்டுப் போகிறார். எசேக்கியா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி அழுது ஜெபிக்கிறான். ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுமுன்னே திரும்பிப் போகச் சொல்லிக் கர்த்தர் அனுப்புகிறார். 15 வருடம் கூட்டிக் கொடுக்கப்படுகிறது. அதே ஏசாயா அடுத்த வசனத்தில் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள், பிழைத்தான். வாக்கு கொடுத்த தீர்க்கதரிசியே மருந்தையும் போடச் சொன்னார்.

வேலூரில் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியம் சிஎம்சி மருத்துவமனையாக வளர்ந்து, நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நோயாளிகள் வருகிற ஊர் இது. அதே ஊரில் ஜெபத்துக்கு வருகிறவர்களில் சிலர் 'விசுவாசத்தோடு' சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இன்சுலினை நிறுத்துகிறவர்களும் உண்டு. ஜெபக்கூட்டம் நடத்துகிறவர் யாரிடமும் மாத்திரையை நிறுத்தச் சொல்லக்கூடாது. யாராவது தானாக நிறுத்தியிருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் கூடப் போங்கள். குணமானேன் என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள். டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்து மருந்தைக் குறைப்பது மருத்துவர் வேலை.

ஏசாயா 38:10 முதல் 20 வரையுள்ள பாட்டை அந்த வாரம் வியாதியாய் இருக்கிற ஒருவர் வீட்டில் போய் வாசியுங்கள். பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏழாம் வாரம்: மிரட்டல் கடிதம்

2 இராஜாக்கள் 18:13 முதல் 19:37 வரை. இரண்டு பேர் மாறி மாறி வாசியுங்கள்.

முதலில் தோல்வி. அசீரியா ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்ததும் எசேக்கியா, அவன் இருந்த லாகீஸ் பட்டணத்துக்கு ஆள் அனுப்பி, 'குற்றஞ்செய்தேன், சுமத்துவதைச் சுமப்பேன்' என்று பணிந்தான். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். நம் கணக்கில் வெள்ளி சுமார் பத்து டன், பொன் சுமார் ஒரு டன். அதைக் கட்ட, ஆலயக் கதவுகளில் தான் அழுத்தியிருந்த பொன் தகடுகளைத் தானே கழற்றினான். முதல் வாரம் படித்த கதவு ஞாபகம் இருக்கிறதா? திறந்த கையே கழற்றியது. காசை வாங்கிக்கொண்டும் சனகெரிப் படையை அனுப்பினான். கந்துவட்டிக்காரனை அடைக்கத் தாலியை அடகு வைத்து, அடுத்த மாதமும் அவனே வாசலில் நிற்பதைப் பார்த்த குடும்பங்கள் இந்த வசனத்தைச் சட்டென்று புரிந்துகொள்ளும்.

சனகெரிப்பின் அதிகாரி ரப்சாக்கே மதிலுக்கு வெளியே நின்று யூத பாஷையிலேயே கத்தினான். உள்ளே இருந்த அதிகாரிகள் சீரிய பாஷையில் பேசச் சொல்லிக் கெஞ்சினார்கள். மதில்மேல் இருக்கிற ஜனமும் கேட்டுப் பயப்படவேண்டும் என்பதே அவன் நோக்கம். எசேக்கியாவின் கட்டளை: மறுமொழி சொல்லவேண்டாம். ஜனங்கள் மவுனமாயிருந்தார்கள். உடனே ஏசாயாவுக்கு ஆள் போனது. பிறகு கடிதம் வந்தது.

எசேக்கியா செய்ததை அப்படியே செய்யலாம். உங்களிடம் வந்திருக்கும் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேங்க் நோட்டீஸ், ஸ்கேன் ரிப்போர்ட், வக்கீல் நோட்டீஸ், எதுவானாலும்.

முதலில் முழுதாக வாசியுங்கள். எசேக்கியா வாசித்த பிறகுதான் ஆலயத்துக்குப் போனான். பயத்தில் கவரைப் பிரிக்காமலே பீரோவுக்குள் வைத்துவிட்டு ஜெபிப்பவர்கள் உண்டு. பிரியுங்கள். தொகை எவ்வளவு, கடைசித் தேதி எது, யார் கையெழுத்து என்று பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படித்த பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

அன்றைக்கு யாருக்கும் பதில் போடவேண்டாம். வாட்ஸ்அப்பில் கோபமாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதும் பதில்தான். விசுவாசத்தில் மூத்த ஒருவருக்கு மட்டும் தகவல் சொல்லுங்கள்.

பிறகு பாயில் உட்கார்ந்து காகிதத்தை முன்னால் விரியுங்கள். ஃபேன் காற்றில் பறக்கும், ஓரத்தில் ஒரு டம்ளரை வையுங்கள். நாலாக மடித்த நோட்டீஸ் மடிப்பு விடாமல் எழும்பிக்கொண்டே இருக்கும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து விரியுங்கள். வெறுமனே 'பிரச்சினை' என்று சொல்லி ஜெபிப்பதற்கும், 14ஆம் தேதிக்குள் 38,400 ரூபாய் என்ற வரியின்மேல் விரலை வைத்து ஜெபிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

ஜெபத்தின் வரிசை 19:15 முதல் 19 வரை இருக்கிறது. முதலில் கர்த்தர் யார் என்று சொல்கிறான்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர். பிறகு, பாரும், கேளும் என்கிறான். மூன்றாவது, உண்மையை மறைக்காமல் ஒத்துக்கொள்கிறான்: அசீரியா ராஜாக்கள் ஜாதிகளை நாசமாக்கினது மெய்தான். இதைத் தாண்டிப் போகாதீர்கள். கடன் வாங்கியது நான்தான், மாத்திரை சாப்பிடாமல் விட்டது நான்தான் என்று சொல்லவேண்டிய இடம் இது. நாலாவது, ஒரே ஒரு விண்ணப்பம்: எங்களை இரட்சியும். ஐந்தாவது, எதற்காக: நீர் ஒருவரே தேவன் என்று பூமியின் ராஜ்யங்கள் அறியும்படி. ஐந்து வசனம், நிதானமாகச் சொன்னாலும் இரண்டு நிமிடம்தான்.

மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ நேரில் போங்கள். தவணையை மாற்றித் தர எழுத்தில் கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

அன்று இரவு 1,85,000 பேர் அசீரியப் பாளயத்தில் செத்தார்கள். இதை வாசித்தவுடன் உங்கள் கடனும் விடிவதற்குள் போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எருசலேம் தப்பியது, லாகீஸ் தப்பவில்லை. சனகெரிப்பின் சொந்தக் கல்வெட்டு 46 பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் பெருமையடிக்கிறது. அதிலும் எருசலேமைப் பிடித்ததாக ஒரு வார்த்தை இல்லை. லாகீஸ் விழுந்த காட்சியை மட்டும் அவன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான். அந்தப் பலகைகள் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூட்டை முடிச்சோடும் பிள்ளைகளோடும் சிறைப்பட்டுப் போகிற ஜனங்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களும் யூதா ஜனம்தான். வீடு ஜப்தியான குடும்பம் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்காக இந்தப் பகுதியைச் சொல்லாமல் விடாதீர்கள்.

எட்டாம் வாரம்: வெகுமானத்தோடு வந்த கடிதம்

2 இராஜாக்கள் 20:12 முதல் 21:1 வரை, 2 நாளாகமம் 32:24 முதல் 31 வரை. இது அசீரியன் வருவதற்கு முன்பா பின்பா என்று கூட்டத்தில் வாக்குவாதம் வரும். எசேக்கியா ஆண்டது 29 வருடம், வியாதிக்குப் பின் 15 வருடம், ஆகவே வியாதி 14ஆம் வருஷத்தை ஒட்டியது. சனகெரிப் வந்ததும் 14ஆம் வருஷம்தான். அதற்குமேல் நேரம் செலவழிக்கவேண்டாம்.

பாபிலோன் ராஜா எசேக்கியா வியாதிப்பட்டதைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினான். தேசத்தில் நடந்த அற்புதத்தை விசாரிக்க வந்தார்கள் என்று நாளாகமம் சொல்கிறது. எசேக்கியா குணமாவதற்கு அடையாளமாக நிழல் பத்துப் பாகை பின்னிட்டது எப்படி என்று கேட்கத் தூரதேசத்திலிருந்து ஆள் வந்து நிற்கிறது. சாட்சி சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. எசேக்கியா பொக்கிஷசாலையைத் திறந்து வெள்ளி, பொன், பரிமளத் தைலம், ஆயுதசாலை எல்லாவற்றையும் காட்டினான்.

ஏசாயா வந்து கேட்டதை வசனத்தில் விரல் வைத்துப் பாருங்கள். அந்த மனுஷர் என்ன சொன்னார்கள்? எங்கேயிருந்து வந்தார்கள்? எசேக்கியா இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறான்: தூரதேசமாகிய பாபிலோனிலிருந்து. என்ன சொன்னார்கள் என்பதற்குப் பதிலே இல்லை. உம்முடைய வீட்டில் என்ன பார்த்தார்கள் என்று மூன்றாவதாகக் கேட்டபோது, எல்லாவற்றையும் என்கிறான்.

நல்ல செய்தி வரும்போது இந்த மூன்று கேள்வியையும் நோட்டில் எழுதிப் பதில் போடுங்கள். துபாய் வேலைக்கு ஏஜென்ட் ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறான், பெண்ணுக்கு வசதியான இடத்தில் சம்பந்தம் வந்திருக்கிறது, கேட்காமலே பேங்க் லோன் தருகிறேன் என்கிறது, ஒரு பெரிய மனுஷர் ஜெபக்கூட்டத்துக்கு ஸ்பீக்கர் செட் வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன சொல்கிறார்கள்? எங்கேயிருந்து வருகிறார்கள்? நம் வீட்டில் என்ன பார்த்தார்கள்? பதில் எழுதிவிட்டு, ஏழாம் வாரம் நோட்டீஸை விரித்த அதே பாயில் இந்தக் காகிதத்தையும் விரியுங்கள். சந்தோஷச் செய்தி முன்னால் இருக்கும்போது ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடும். கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்லி எழுந்துவிடத் தோன்றும். அதே ஐந்து வசன வரிசையில், அதே இரண்டு நிமிடம் உட்காருங்கள். ஏஜென்ட் என்றால் லைசென்ஸ் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். அதுவரை பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கையில் கொடுக்காதீர்கள். முடிவாகுமுன் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

இவை எல்லாம் பாபிலோனுக்குப் போகும், உன் குமாரரும் போவார்கள் என்று ஏசாயா சொன்னபோது, என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே என்றான் எசேக்கியா. பிள்ளைகளுக்கு வரப்போவதைக் கேட்டும், தன்னைப் பற்றி வந்த தீர்ப்பைக் கேட்டதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பி அவன் அழுததாக எழுதியிருக்கவில்லை. இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் நெஞ்சு கனக்கும். அப்படியே விடுங்கள், சமாதானம் சொல்ல அவசரப்படவேண்டாம்.

அன்றைக்குப் பிள்ளைகளையும் கூட்டத்தில் உட்காரவையுங்கள். 21:1ஐப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அவனோ அவளோ வாசிக்கட்டும். எசேக்கியாவின் மகன் மனாசே ராஜாவானபோது வயது 12, கூட்டிக் கொடுத்த அந்த 15 வருடத்துக்குள் பிறந்தவன். ஆண்டது 55 வருடம், அப்பா உடைத்ததையெல்லாம் திரும்பக் கட்டினான். வாசித்த பிள்ளையிடம், வீட்டில் அப்பா அம்மா எதற்காக ஜெபிக்கிறார்கள் என்று தெரியுமா என்று கேளுங்கள். பெரியவர்கள் குறுக்கே பேசாமல் பதிலைக் கேட்டு, நோட்டின் வலது பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளிக்கு 2 நாளாகமம் 33, மொத்தம் 25 வசனம். சங்கிலி போட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மனாசே அங்கே ஜெபித்ததும், கர்த்தர் கேட்டு அவனைத் திரும்பிவரப் பண்ணியதும் அதில் இருக்கிறது. அதையும் அந்தப் பிள்ளையே வாசிக்கட்டும்.